ரிலீஸ் மெடிக்கலுக்கு முன்

முத்தையாபுரம்,
தூத்துக்குடி.
10.03.2024

அன்புள்ள அத்தானுக்கு,

ராணி எழுதுவது. நானும் ப்ரியாவும் சுகம். உங்கள் சுகத்தை நீங்களாக எழுதினால்தான் உண்டு. போனில் உங்களிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடிவதில்லை.

முதலில் சண்டையை முடித்துவிட்டு நல்ல சேதிக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். "நல்லாருக்கேன், நீங்க ரெண்டு பேரும் நல்லாருக்கீங்களா, சரி சரி, இங்கன சிக்னல் இல்ல, லெட்டர் போடு" என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிட்டீர்கள். நான் வாயைத் திறக்கவே இல்லை. அதே நாள், அதே கேம்ப்பிலிருந்து இனிகோ அண்ணன் விஜிலாவோடு அரை மணி நேரம் பேசியிருக்கிறார். மீன் குழம்புக்கு மாங்காய் போட்டாயா என்பதுவரை கேட்டாராம். ஒரே பீரங்கிப் படை, ஒரே டவர். அவருக்கு மட்டும் சிக்னல் எங்கிருந்து வருகிறது? "ஒன் வீட்டுக்காரரு ஒங்கிட்ட பேச வெக்கப்படுதாரு போல" என்று விஜிலா சிரித்தாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம் கழித்து என்ன வெட்கம்? இந்தத் தெருவில் தபால்காரரிடம் கடிதம் வாங்குகிற ஒரே பெண் நான்தான். அவரே என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரிக்கிறார்.

சரி, சண்டை முடிந்தது. இனி நல்ல சேதி. தம்பி சிவப்பிரகாஷ் சூப்பர்வைசராக இருக்கிற கன்டெய்னர் யார்டில் செப்டம்பரிலிருந்து ஒரு யார்டு மார்ஷல் வேண்டுமாம். உள்ளே வருகிற டிரெய்லர்களுக்கு வழிகாட்டி நிறுத்துகிற வேலை. பட்டாளத்திலிருந்து வந்தவர் என்றால் நல்லது என்று மேலே சொல்லியிருக்கிறார்கள். போன வருடம் பட்டாளமே உங்களைச் சென்னைக்கு அனுப்பி மூன்று மாதம் ரீசெட்டில்மென்ட் கோர்ஸ் படிக்க வைத்ததே, தொழிற்சாலைப் பாதுகாப்பு என்று, அந்தச் சான்றிதழைக் காட்டியதும் மேனேஜரே நம் சிவாவுக்குக் கைகொடுத்தாராம். "அத்தானத் தவிர வேற ஆளு பாக்கல" என்கிறான்.

முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் போய்வந்தேன். ப்ரியாவுக்குச் சார்ந்தோர் சான்று, பட்டப்படிப்புக்கு உதவித்தொகை, உங்கள் பெயரை வேலைக்குப் பதிவது எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார்கள். பிள்ளைக்குக் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில்தான் கண். நீங்கள் ஆகஸ்ட் கடைசியில்தான் ரிட்டயராகி வெளியே வருகிறீர்கள், சேர்க்கை அதற்கு முன்பே முடிந்துவிடும். அதனால் அவளை எந்த வரிசையில் வைப்பார்கள் என்று யூனிட் காகிதத்தோடு வந்து கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காகிதத்தை மறக்காமல் அனுப்புங்கள்.

இவ்வளவு நல்லது ஒன்றாகச் சேர்ந்து வந்தும் என்னால் முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை. நீங்கள் எதையோ என்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அப்படி இல்லையென்றால் திட்டி ஒரு கடிதம் போடுங்கள், நிம்மதியாக இருக்கும்.

என்றும் உங்கள்,
செல்வராணி


56 ஏ.பி.ஓ.
25.03.2024

அன்புள்ள ராணிக்கு,

உன் சண்டையும் சேதியும் ஒரே உறையில் வந்து சேர்ந்தன. சண்டையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுச் சேதியை நான்கு தடவை படித்தேன். சிவாவுக்கு என் நன்றியைச் சொல். அந்த வேலையை எப்படியாவது பிடித்து வைக்கச் சொல்.

இனிகோ பேசுவதை வைத்து என்னை எடை போடாதே. அவன் கோயில் திருவிழாவில் மைக் பிடித்த பயல். கம்பளிக்குள் போனாலும் பேசுவான். எனக்குப் போனில் பேசினால் பேசியது போலவே இருப்பதில்லை. எழுதினால் நீ அதை வைத்துக்கொள்ளலாம், திரும்பப் படிக்கலாம். இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஆனால் பயம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆகஸ்ட்டை நினைத்தால் கை கால் ஓடவில்லை. இருபத்துநான்கு வருடமாக எப்போது எழுந்திரிக்க வேண்டும், எந்த உடுப்பு போட வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று யாராவது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஜனவரி லீவில், டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த ரேஷன் கார்டை மாற்றப் போனேனே, ஞாபகம் இருக்கிறதா? வரிசையில் எனக்கு முன்னால் நாலு பேர் புகுந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல் நின்றேன். இங்கே ஒரு பீரங்கியும் அதன் ஆட்களும் என் சொல்லுக்கு ஆடுவார்கள். அங்கே ஒரு ஜன்னலுக்கு முன்னால் நான் யாருமில்லை.

எங்கள் ரெஜிமென்ட்டிலிருந்து போன ஒரு சுபேதார் இப்போது ஏ.டி.எம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். படம் அனுப்பியிருந்தார், சிரித்த முகத்தோடுதான். எங்கள் யாருக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு அந்த ஸ்டூல் வேண்டாம் ராணி. யார்டில் நின்று நாலு வண்டிக்குக் கை காட்டினால் நானும் ஒரு ஆள் என்று இருக்கும்.

ஜூன் பதினெட்டாம் தேதி ரிலீஸ் மெடிக்கல் வைத்திருக்கிறார்கள். வெளியே போகிறவன் உடம்பைக் கடைசியாகப் பார்த்து எழுதுகிற பரிசோதனை. இத்தனை வருடமும் நான் ஷேப் ஒன், உடம்பில் ஒரு குறையும் இல்லாதவன் என்ற தரம். அதில் ஒரு கீறல் விழாமல் அந்தக் காகிதத்தோடு வெளியே வந்துவிட்டால் போதும், யார்டுக்காரர்களும் மறு பேச்சுப் பேச மாட்டார்கள். இனிகோவுக்கும் எனக்கும் ஒரே நாள். அது ஒரு தைரியம்.

ப்ரியாவுக்குக் கேட்ட காகிதம் இத்துடன் இருக்கிறது. பிசிக்ஸ் எப்படி எழுதினாள்? அவளையே எழுதச் சொல்.

அன்புடன்,
செந்தில்வேல்


முத்தையாபுரம்,
08.04.2024

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதமும் காகிதமும் கிடைத்தன. ப்ரியாவுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. பிசிக்ஸ் சுமார்தான் என்கிறாள். அவள் சுமார் என்றால் நன்றாக எழுதியிருக்கிறாள் என்று அர்த்தம், அந்தக் குணம் உங்களிடமிருந்து வந்தது.

உங்களிடம் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். நீங்கள் நிற்கப்போகிற இடத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் போல் இருந்தது. சிவா சாப்பாட்டை மறந்துவிட்டுப் போன ஒரு நாள், அதையே சாக்காக வைத்துத் தூக்குவாளியோடு துறைமுகச் சாலைக்குப் போனேன். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் வாட்ச்மேன் அறைப் பக்கம் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நம் தெருவையே இரும்பில் செய்து அடுக்கி வைத்த மாதிரி இருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாகப் பெட்டிகள். அவற்றுக்கு இடையில் சந்து சந்தாக வழி. அந்தச் சந்துகளில் டிரெய்லர்கள் பின்பக்கமாக வருகின்றன. பின்னால் என்ன இருக்கிறது என்று டிரைவருக்குத் தெரியவே தெரியாதாம். பச்சை ஜாக்கெட் போட்ட ஒருவர் நடுவில் நின்று ஒரு வண்டிக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் இன்னொரு வண்டி பீப் பீப் என்று கத்திக்கொண்டு வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டு எட்டு தள்ளி நின்றுகொண்டார்.

தூக்குவாளியை வாங்க வந்த சிவாவிடம் கேட்டேன். "பழகிரும்க்கா" என்றான். "இங்கன கண்ண வச்சுப் பாதி, காத வச்சுப் பாதி. ஹாரன் எந்தப் பக்கம் வருதுன்னு காதுல விழுந்ததும் காலு தானா நவுந்துரும்."

"இதுக்கு முந்தி இந்த வேலைல இருந்தவரு எங்க போயிட்டாரு?"

அவன் தூக்குவாளியைத் திறந்து மூடினான். "செந்தில்முருகன்னு ஒரு பையன்க்கா. காதுல பாட்ட மாட்டிட்டு நின்னுருக்கான். பின்னால வண்டி வந்தது தெரியல. அத்தானுக்கு அந்தப் பழக்கமெல்லாம் கெடையாதுல்லா, நீ பயப்படாத."

அந்தப் பையன் நின்ற இடம்தான் உங்களுக்குக் காலியாகியிருக்கிறது.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஜனவரி மாதத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன். வெள்ளத் தண்ணீர் புகுந்த கிணற்றை இறைக்க மோட்டார் வாடகைக்கு எடுத்தோம். தண்ணீர் தீர்ந்து மோட்டார் வெறுமனே ஓடி, அலறிப் புகை வந்து, அடுத்த தெருவிலிருந்து ஆள் ஓடி வந்து நிறுத்தினார்கள். நீங்கள் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து நம் ஃபேன்சி ஸ்டோர் பலகைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். திருச்செந்தூர் ரோட்டில் பஸ்காரன் பின்னாலிருந்து ஹாரனை விடாமல் அடித்தான், நான்தான் உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஏதோ யோசனை என்றீர்கள். எங்கே போனாலும் என்னை வலப்பக்கமாகவே நடக்கச் சொன்னீர்கள். கட்டிலில்கூட இடம் மாற்றிக்கொண்டீர்கள். நான் அதை ஆசை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன், அது வேறு விஷயம்.

பயமாக இருக்கிறது அத்தான். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். உங்களுக்குக் காது கேட்கிறதா?

உங்கள்,
ராணி


56 ஏ.பி.ஓ.
22.04.2024

ராணிக்கு,

உன்னை யார் யார்டுக்குப் போகச் சொன்னது? வேலைக்குச் சேரும் முன்பே பெண்டாட்டி வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்று நாளைக்குப் பேச மாட்டார்களா?

மோட்டார் ஓடியது எனக்குத் தெரியும். வேலை மும்முரத்தில் கவனிக்கவில்லை. பஸ் ஹாரனும் அப்படித்தான். வருடா வருடம் டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவரை விட உனக்கு அதிகம் தெரியுமா? இருபத்துநான்கு வருடம் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவனுக்குக் கொஞ்சம் இரைச்சல் இருக்கத்தான் செய்யும். அது எல்லோருக்கும் இருப்பது.

சிவாவிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. ப்ரியாவிடமும் வேண்டாம். விஜிலாவிடம் வேண்டவே வேண்டாம். உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன், யார் கையிலாவது கிடைத்தால் வம்பு.

அந்த வேலை போனால் எனக்கு வேறு ஒன்றும் கிடைக்காது. அதை மட்டும் மனதில் வை.

செந்தில்வேல்


முத்தையாபுரம்,
12.05.2024

அன்புள்ள அத்தானுக்கு,

ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டு யாரிடமும் சொல்லாதே என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒன்றும் இல்லாததை நான் யாரிடம் போய்ச் சொல்ல? அந்தக் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. கடையில் வளையலை எண்ணும்போது இரண்டு டஜன் கீழே போட்டுவிட்டேன்.

ஆறாம் தேதி ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தது. பிள்ளை முதலில் உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று என்னிடம்கூட மார்க்கைக் காட்டாமல் போனை எடுத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். அவள் மார்க்கைச் சொன்னாள். நீங்கள் "நல்லதும்மா, சாப்பிட்டியா, அம்மாவப் பாத்துக்கோ" என்று வைத்துவிட்டீர்கள். அவள் போனைக் கீழே வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி "அப்பாக்கு இந்த மார்க் பத்தலையாம்மா?" என்று கேட்டாள். அன்றைக்கு அவளுக்காக வாங்கிய மஸ்கோத் அல்வா பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது.

மார்க் எவ்வளவு என்று இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போவதில்லை. அவள்தான் உங்களிடம் சொல்லிவிட்டாளே. உங்களுக்குத் தெரிந்தால் நீங்கள் எழுதுங்கள்.

மறுநாள் விஜிலா வந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளாகத்தான் ஆரம்பித்தாள். ஜூன் மெடிக்கலைப் பற்றிப் பேச்சு வந்தது. "ஏளா, வருஷா வருஷம் ஒங்க வீட்டுக்காரர எங்க வீட்டுக்காரருதான் பாஸ் பண்ண வைக்காரு, தெரியும்லா" என்று சிரித்தாள். டாக்டர் இருபதடி பின்னால் நின்றுகொண்டு மெதுவாக எண்களைச் சொல்வாராம். முன்னால் பார்த்து நிற்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டுமாம். இனிகோ அண்ணன் உங்களுக்கு எதிரே, அடுத்து நிற்கிறவர்களோடு நின்றுகொண்டு பெல்ட்டில் விரலை வைத்துக் காட்டுவாராம். "அதுல என்னளா இருக்கு, கூட்டாளிக்குக் கூட்டாளி செய்யுறதுதான" என்றாள். நானும் சிரித்து வைத்தேன். அவள் போன பிறகு கடைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்துவிட்டேன்.

அத்தான், யார்டில் உங்களுக்கு எதிரே இனிகோ அண்ணன் நிற்க மாட்டார்.

ப்ரியாவின் விண்ணப்பத்துக்காக நல அலுவலகத்துக்குப் போனபோது பெஞ்சில் பக்கத்தில் பேச்சிச்செல்வி என்று ஒரு அம்மா இருந்தார்கள். பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம். அவர்கள் வீட்டுக்காரருக்குப் பட்டாளத்திலேயே தலைசுற்றல் இருந்திருக்கிறது. வெளியே வேலை கிடைக்காது என்று மறைத்துவிட்டு வந்திருக்கிறார். மில்லில் வாட்ச்மேனாகச் சேர்ந்த அந்த வருடமே மாடிப்படியிலிருந்து விழுந்து இறந்துவிட்டார். "ஒடம்புக்கு ஒரு கொறையும் இல்லன்னு எழுதி வாங்கிட்டுல்லா வந்தாரு, பெருமையா எல்லார்ட்டயும் காட்டுனாரு" என்றார்கள். "இப்ப அது சர்வீஸ்ல வந்த நோவுன்னு நான் சொன்னா யாரு நம்புவா? அவரு கையெழுத்தே எனக்கு எதுர்க்க நிக்கி. ஒங்க வீட்டுக்காரரு இன்னும் வெளிய வரலல்லா? இருக்குறத இருக்குன்னு சொல்லிட்டு வரச் சொல்லுங்க தாயி."

அந்த அம்மா அழவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். சிவாவைக் கூப்பிட்டு, அத்தானுக்கு அந்த வேலை வேண்டாம், வேறு ஆளைப் பார் என்று சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. அவன் என்னைப் பைத்தியம் என்று திட்டினான், ஜூன் கடைசிவரை பொறுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். நீங்களும் திட்டுவீர்கள். திட்டுங்கள். என் புருஷனை அந்தச் சந்துக்குள் நான் அனுப்ப மாட்டேன். ஏ.டி.எம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் நானும் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்கிறேன்.

ரிலீஸ் மெடிக்கலில் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

உங்கள்,
ராணி


முத்தையாபுரம்,
09.06.2024

அன்புள்ள அத்தானுக்கு,

ஒரு மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே நான் கடை வாசலுக்கு வந்துவிடுகிறேன். அவர் இப்போதெல்லாம் சிரிப்பதில்லை, தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார்.

போனும் போட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை. நீங்கள் நன்றாக இருப்பதாகவும் யாரிடமும் பேசுவதில்லை என்றும் இனிகோ அண்ணன் சொன்னதாக விஜிலா சொன்னாள். அவளிடம் அண்ணனுக்கும் கோபமாம். என்ன உளறினாய் என்று கேட்டாராம். அவள் என் வீட்டுப் பக்கம் வருவதைக் குறைத்துவிட்டாள்.

வேலையை வேண்டாம் என்று சொன்னது உங்கள் கழுத்தை நெரித்த மாதிரி இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் கூடாது என்பீர்கள் என்றுதான் கேட்கவில்லை. இந்தக் கோபத்தோடு நீங்கள் ஆகஸ்ட்டில் வேறு எங்காவது வேலை தேடிக்கொண்டு, வீட்டுக்கு வராமலே போய்விடுவீர்களோ என்றும் ஒரு பயம். எந்தப் பயத்தை முதலில் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது என்று தெரியவில்லை.

பதினெட்டாம் தேதி என்ன செய்யப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. சிவாவிடம் நான் இன்னும் காரணத்தைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நீங்கள் ஷேப் ஒன் காகிதத்தோடு வந்து நின்றால் அவன் வேலையைக் கொடுத்துவிடுவான். என்னால் அதற்கு மேல் தடுக்க முடியாது.

கீழே ப்ரியா இரண்டு வரி எழுதியிருக்கிறாள்.

ராணி

அப்பா, கிள்ளிகுளத்துக்கு விண்ணப்பம் போட்டாச்சு. நீங்க அனுப்புன காகிதத்த வாங்கிக்கிட்டாங்க. என் மார்க் கொறச்சல்தான்னு நெனச்சா சொல்லிருங்கப்பா, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். - ப்ரியா


56 ஏ.பி.ஓ.
21.06.2024

அன்புள்ள ராணிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் என் தலையணைக்கு அடியில்தான் இருக்கின்றன. இவற்றைக் கிழிக்கவில்லை. பதில் எழுத நாலைந்து முறை உட்கார்ந்தேன். முதலில் கோபத்தில் எழுதியதை அனுப்பாமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

இடது காதில் ஒன்றுமே இல்லை. நாலு வருடமாகிறது. ஒரு பயிற்சியில் பக்கத்துப் பீரங்கி எதிர்பார்ப்பதற்கு முன்பே வெடித்தது. காதில் அடைத்திருந்ததை அப்போதுதான் எடுத்திருந்தேன். வலது காது பாதி கேட்கும், ஆள் எதிரே நின்றால் உதட்டையும் பார்த்துச் சமாளித்துக்கொள்வேன். போனில் உதடு கிடையாது. அதனால்தான் நீ பேசும் முன்பே நான் பேசி முடித்துவிடுவேன். கடிதத்தில் நீ சொல்வது முழுக்க எனக்குக் கிடைக்கும். உன்னோடு சண்டை போடுவதற்குக்கூட எனக்குக் கடிதம்தான் வேண்டும்.

முதலிலேயே சொல்லியிருந்தால் பீரங்கியை விட்டு ஸ்டோருக்கு அனுப்பியிருப்பார்கள். கம்பளி எண்ணுகிற வேலை. பையன்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்று மறைத்தேன். பிறகு மறைத்ததை மறைக்க வேண்டியதாகிவிட்டது. என் பீரங்கியில் ஆறு பேர் என் சொல்லுக்கு நிற்கிறார்கள். அவர்களில் ஒருவன் எச்சரித்துக் கத்தியிருந்தால் எனக்குக் கேட்டிருக்காது. அதை உன் யார்டுக் கடிதத்தைப் படிக்கும்வரை நான் யோசிக்கவே இல்லை ராணி. கோபம் வந்தது அதனால்தான்.

பதினெட்டாம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். நீளமான அறை. சுவரைப் பார்த்து என்னை நிறுத்தினார்கள். டாக்டர் பின்னால் போனார். முன்னால், கதவோரத்தில் இனிகோ. வழக்கம்போல் பெல்ட்டில் கை. என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். காலையில் இருவரும் ஒன்றாகத்தான் டீ குடித்தோம். நான் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கே தெரியாது.

அவன் விரல் அசைவதற்குள் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த மாதிரிப் பயம் எனக்கு எல்லையில்கூட வந்ததில்லை. டாக்டர் பேசிவிட்டாரா, இன்னும் பேசவில்லையா, பேசிவிட்டுக் காத்திருக்கிறாரா, ஒன்றும் தெரியவில்லை. நீ சொன்ன அந்தப் பையன் செந்தில்முருகனை நினைத்துக்கொண்டேன். யாரோ என் தோளைத் தொட்டபோது கத்திவிட்டேன். டாக்டர்தான். என் முன்னால் வந்து நின்று, "எத்தனை தடவை சொன்னேன், தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது சார் என்றேன். எத்தனை வருடமாக என்றார். சொன்னேன். முந்திய வருடங்களில் எப்படிப் பாஸானாய் என்றார். அதை நான் என் தலையில் போட்டுக்கொண்டேன், இனிகோ பெயரை எடுக்கவில்லை. அவர் எழுத ஆரம்பித்தார்.

நாளை மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, சர்வீஸில் வந்ததா இல்லையா என்று மெடிக்கல் போர்டு தீர்மானிக்கும். இத்தனை நாள் மறைத்ததால் என்ன எழுதுவார்களோ தெரியாது. ஷேப் ஒன் போய்விட்டது. காதுக்குக் கருவி தரலாம் என்கிறார்கள். இனிகோ அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் என் எதிரே வந்து உட்கார்ந்து, வாயைப் பெரிதாகத் திறந்து, மெதுவாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அது நன்றாகப் புரிந்தது.

சிவாவுக்கு நானே தனியாக எழுதிவிட்டேன். அவனை இனி காக்க வைக்க வேண்டாம். செப்டம்பரில் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. சென்னையில் படித்த பாதுகாப்புப் பாடத்தில் மேஜையில் உட்கார்ந்து பார்க்கிற வேலைகளும் உண்டு, நல அலுவலகத்தில் நீ ஒருமுறை கேட்டுப் பார். கிடைக்காவிட்டால் நம் ஃபேன்சி ஸ்டோரில் வளையலை நான் எண்ணுகிறேன், நீ கீழே போடாமல் இருப்பாய். பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. முன்பு தனியாக வைத்திருந்தேன், இப்போது உனக்கும் தெரியும், அவ்வளவுதான்.

செப்டம்பர் முதல் வாரத்தில் வருவேன். ஸ்டேஷனில் பின்னாலிருந்து கூப்பிடாதே. எதிரே வந்து நில்.

ப்ரியாவிடம் இந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடு. மறைக்க வேண்டாம். அவள் மார்க்கை இனிகோவிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், விஜிலா அவனிடம் சொல்லாமலா இருந்திருப்பாள்? நான் கேட்கவில்லை. அதை அவள் கையால் எழுதி அனுப்பச் சொல்.

அது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது ராணி. அன்று பிள்ளை சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

உன்,
செந்தில்வேல்